அத்தியாயம் 4: எந்த அளவு சென்சார் போதும்?

பிறந்து வளர்ந்த தோட்டத்தின் கதையைப் படங்களாகச் சேர்த்துவைக்க முடிவெடுத்தவர்கள் கருவி வாங்கும் கட்டத்துக்கு வந்ததும் பெரும்பாலும் ஒரே கேள்வியில் நிற்கிறார்கள். ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கியே ஆகவேண்டுமா?

வேண்டாம். பேராக்கில் தன் தோட்டத்தையும் கோயிலையும் குடும்பத்தையும் படம் பிடிக்க நினைக்கும் ஒருவருக்கு ஏபிஎஸ்-சி அளவு சென்சாரும், ஒளியைத் தாராளமாக வாங்கும் லென்ஸ் ஒன்றும் போதும். சில வேலைகளுக்கு அதைவிடச் சிறியதே போதும். ஓரிரு வேலைகளுக்கு மட்டும்தான் பெரியது தேவைப்படுகிறது. எது எதற்கு என்பதைக் கணக்கோடு பார்ப்போம். காரணம் புரியாமல் யார் சொல்லையும் நம்பிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். என் சொல்லுக்கும் இது பொருந்தும்.

அளவுகள்

பிலிம் இருந்த இடத்தில் இன்று இருக்கும் ஒளியுணர் சில்லுதான் சென்சார். ஃபுல் ஃப்ரேம் என்றால் 36க்கு 24 மில்லிமீட்டர். இது டிஜிட்டல் காலத்து அளவு அல்ல. ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக், சினிமா பிலிமின் இரண்டு கட்டங்களை ஒன்றாக்கி ஒரு படத்துக்கு எடுத்துக்கொண்டார். 1925ல் லைக்கா கேமரா விற்பனைக்கு வந்த பிறகு அந்த அளவே உலகமெங்கும் நிலைத்துவிட்டது. ஸ்டூடியோக்காரர்கள் மட்டும் வெகுகாலம் பெரிய பிலிமை விடவில்லை. 120 பிலிமில் எடுத்த சதுரப் படத்தின் நெகட்டிவ் ஏறக்குறைய 56க்கு 56 மில்லிமீட்டர். ஃபுல் ஃப்ரேமைப் போல மூன்றரை மடங்குக்கும் மேலான பரப்பு. தாத்தா பாட்டியின் கல்யாணப் படத்தில் சேலைக் கரை இன்றும் இழை இழையாகத் தெரிகிறதென்றால் அந்தப் பெரிய நெகட்டிவும் அதற்கு ஒரு காரணம்.

ஃபுல் ஃப்ரேமுக்கு அடுத்தது ஏபிஎஸ்-சி. நிக்கான், சோனி, ஃபியூஜி கேமராக்களில் இது சுமார் 23.5க்கு 15.6 மி.மீ.; கெனானில் சற்றே சிறியது. 2008ல் வந்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையில் 17.3க்கு 13 மி.மீ. அதற்குக் கீழே 'ஒரு இன்ச்' என்று விற்கப்படும் வகை இருக்கிறது. பெயரைப் பார்த்து 25 மி.மீ. என்று எண்ணிவிடாதீர்கள். பழைய தொலைக்காட்சிக் கேமராக் குழாயின் வெளிவிட்டத்திலிருந்து வந்த பெயர் அது. சென்சாரின் உண்மையான அளவு 13.2க்கு 8.8 மி.மீ.தான். பெரும்பாலான கைப்பேசிகளின் முதன்மைக் கேமராவில் இருப்பது அதைவிடவும் சிறியது.

பரப்பாகக் கணக்கிட்டால் ஃபுல் ஃப்ரேம் 864 சதுர மில்லிமீட்டர், ஏபிஎஸ்-சி சுமார் 367, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 225, ஒரு இன்ச் 116. படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலை முடிவு செய்வது சென்சார் மொத்தமாக எவ்வளவு ஒளி வாங்கியது என்பதுதான். ஒரே லென்ஸ் திறப்பு, ஒரே ஷட்டர் வேகம் என்றால் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழும் ஒளி சமம். எனவே நான்கு மடங்கு பரப்புள்ள சென்சாருக்கு நான்கு மடங்கு ஒளி கிடைக்கிறது. ஒளி இரட்டிப்பாவதை ஒரு படி என்று வைத்துக்கொள்வோம். அப்படிப் பார்த்தால் ஃபுல் ஃப்ரேம், ஏபிஎஸ்-சியைவிட ஒரு படிக்குச் சற்று மேலேயும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸைவிட இரண்டு படி மேலேயும், ஒரு இன்ச்சைவிட ஏறக்குறைய மூன்று படி மேலேயும் நிற்கிறது. இந்த மூன்று எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அத்தியாயம் முழுக்க இவைதான் வேலை செய்யப் போகின்றன.

கல்லுமலையில் காவடி

தைப்பூசத்தன்று ஈப்போவில் புந்தோங் பக்கமிருந்து காவடிகளும் பால்குடங்களும் குனோங் சேரோவில் இருக்கும் கல்லுமலை முருகன் கோயிலை நோக்கி வருகின்றன. விடிவதற்கு வெகு முன்பே கூட்டம் நகரத் தொடங்கிவிடும். தெருவிளக்கும் பந்தல் விளக்கும்தான் வெளிச்சம். ஆடிவரும் காவடியை அசைவு கலையாமல் பிடிக்க 1/250 விநாடியாவது வேண்டும்.

இப்படிப்பட்ட வெளிச்சத்தில் எஃப் 1.8 லென்ஸ் இருந்தால் ஐஎஸ்ஓ 6400ல் சமாளித்துவிடலாம் என்று வையுங்கள். கேமராவோடு சேர்த்து விற்கும் ஜூம் லென்ஸை முழுக்க நீட்டினால் அதன் திறப்பு எஃப் 5.6க்குச் சுருங்கிவிடுகிறது. இந்த இரண்டுக்கும் இடையே ஒளியில் கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம். மூன்று படிக்கும் அதிகம். அதே காவடியை அதே வேகத்தில் பிடிக்க ஐஎஸ்ஓ 60,000ஐத் தாண்ட வேண்டியிருக்கும்.

இப்போது இருவரை அருகருகே நிறுத்திப் பாருங்கள். ஒருவர் கையில் விலையுயர்ந்த ஃபுல் ஃப்ரேம் கேமரா, கூடவே வந்த எஃப் 5.6 ஜூம். மற்றவர் கையில் பழைய ஏபிஎஸ்-சி கேமரா, 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். முதலாமவருக்குச் சென்சாரால் ஒரு படி லாபம், லென்ஸால் மூன்று படி நட்டம். இரண்டாமவரின் சென்சாருக்கு மொத்தத்தில் நான்கு மடங்கு ஒளி போய்ச் சேர்கிறது. கல்லுமலை அடிவாரத்தில் நல்ல படம் எடுப்பவர் அவர்தான். கையில் இருக்கும் பணம் கேமரா, லென்ஸ் இரண்டில் ஒன்றுக்குத்தான் தாராளமாகச் செலவழிக்கப் போதும் என்றால் லென்ஸுக்குச் செலவழியுங்கள். இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வெயில் ஏறிய பிறகு இந்தக் கவலையெல்லாம் தீர்ந்துவிடும். பகல் பத்து மணிக்குக் கோயில் வாசலில் நின்றால் கைப்பேசியும் ஃபுல் ஃப்ரேமும் தரும் படங்களைப் புத்தக அளவில் பிரித்துச் சொல்வது கடினம். ஏ.பி. ஹப்பாக் வடிவமைத்த ஈப்போ ரயில் நிலையத்தை, அந்த வெள்ளைக் கட்டடத்தைக் காலை வெயிலில் எடுக்கவும் எந்தச் சென்சாரும் போதும்.

லயத்து வீட்டுக்குள்

இங்கே கணக்கு வேறு மாதிரி திரும்புகிறது. பெரிய சென்சார் வைத்திருப்பவர்கள் பலர் இதை யோசிப்பதில்லை.

லயத்து வீடு சின்னது. முன்னறையில் பாட்டி உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் சாமி மாடம். சுவரில் வரிசையாகப் படங்கள். அடுப்படிக்குப் போகும் நிலைப்படி. ஆவணப் படத்துக்கு இவை அத்தனையும் தெளிவாகத் தெரிய வேண்டும். பாட்டியின் முகம் மட்டும் கூர்மையாக, மற்றதெல்லாம் கரைந்துபோன படம் அழகாகவே இருக்கும். ஆனால் இன்னும் முப்பது ஆண்டு கழித்து அவருடைய பேரப்பிள்ளைகள் தேடப் போவது அந்த மாடத்தையும் நாள்காட்டியையும் மண்ணெண்ணெய் அடுப்பையும்தான்.

அத்தனையும் தெளிவாக வர ஃபுல் ஃப்ரேமில் 35 மி.மீ. லென்ஸை எஃப் 8க்கு மூட வேண்டும் என்றால், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 17 மி.மீ. லென்ஸை எஃப் 4ல் வைத்தாலே அதே காட்சி, அதே தெளிவாழம் கிடைத்துவிடும். இரண்டு படி திறந்த லென்ஸ் என்பதால் ஐஎஸ்ஓவையும் இரண்டு படி இறக்கிக்கொள்ளலாம். ஃபுல் ஃப்ரேம் 6400ல் எடுக்கும் படத்தைச் சிறிய கேமரா 1600ல் எடுத்துவிடும்; இரைச்சல் ஏறக்குறைய ஒன்றுதான். பெரிய சென்சார் தந்த இரண்டு படி லாபம் தெளிவாழத்துக்கே செலவாகிவிட்டது. முன்னிருந்து பின்வரை எல்லாம் தெளிவாக வேண்டிய வேலை எதிலும் இதே கதைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாழ்க்கை முழுக்கத் தோட்டத்தில் கழித்த ஒரு மூத்தவர் முன்னால் பெரிய கேமராவையும் பருத்த லென்ஸையும் தூக்கினால் அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக உட்கார்ந்துவிடுகிறார். சின்னக் கருவி அவர் பேச்சைத் தடுப்பதில்லை. வீட்டுக்குள் எடுக்கும் படங்களுக்கு நான் சிறிய கேமராவைச் சொல்வதற்கு இது பாதிக் காரணம்.

பால்மரக் காட்டில் விடிகாலை

ஃபுல் ஃப்ரேமுக்குக் கொடுத்த பணம் வீண்போகாத இடம் இதுதான்.

மலாயாவின் ரப்பர் வரலாறே பேராக்கோடு பின்னிக் கிடக்கிறது. 1877ல் கோலக்கங்சாரில் நட்ட கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக அங்கே நிற்கிறது. ஆனால் பெருந்தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனைக்கோ வீடமைப்புக்கோ போய்விட்டன. பால் வெட்டைப் படம் பிடிக்க வேண்டுமானால் இன்னும் மரம் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து, முதல் நாளே அனுமதி கேட்டுவிட வேண்டும்.

குளிர்ச்சியான நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் வெட்டு இருட்டிலேயே தொடங்கிவிடும். நம் ஊரில் சூரியன் உதிக்க ஏழு மணி ஆகிவிடுகிறது. அதுவரை தலைவிளக்கு ஒன்றுதான் வெளிச்சம். அந்த விளக்கு பட்டைமேல் விழும். கத்தி போகும் கோட்டில் வெள்ளையாகப் பால் கசிவது பளிச்சென்று தெரியும். வெட்டுபவரின் முகமோ இருளில் இருக்கும். ஒரே படத்துக்குள் இவ்வளவு பிரகாசமும் இவ்வளவு இருட்டும். பட்டைக்கு ஏற்றபடி ஒளியளவை வைத்து, 'ரா' கோப்பாக எடுத்து, பிறகு கணினியில் முகத்தை மட்டும் தூக்கிவிட வேண்டும். அப்படித் தூக்கும்போது சிறிய சென்சாரில் முகம் திட்டுத் திட்டாக உடைந்துபோகிறது. ஃபுல் ஃப்ரேமில் தோலின் நிறம் நிற்கிறது. எஃப் 1.8 லென்ஸ், 1/60 விநாடி, ஐஎஸ்ஓ 6400 என்று தொடங்குங்கள். வெட்டுபவர் கத்தியை இழுத்து நிறுத்தும் கணத்தில் பிடித்தால் அசைவும் தெரியாது.

இந்த ஒரு வேலைக்காகவே ஃபுல் ஃப்ரேம் வாங்க வேண்டாம். ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுக்கலாம்; கல்யாணப் படம் எடுக்கும் நண்பரிடம் இரவல் கேட்கலாம். பிப்ரவரி, மார்ச் வாக்கில் மரங்கள் இலை உதிர்த்து நிற்கும் காலத்தையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பால் குறைந்திருக்கும் பருவம்தான், ஆனால் கிளைகளுக்கு நடுவே வானம் தெரியும். மற்ற மாதங்களில் நண்பகலிலும் இருண்டு கிடக்கும் நிரைகளுக்குள் அப்போது வெளிச்சம் இறங்குகிறது. மங்கு, வாளி, மரத்தில் பழைய வெட்டுத் தழும்பு, களத்தில் கிடக்கும் கட்டிப்பால் எல்லாவற்றையும் அந்தச் சமயத்தில் ஏபிஎஸ்-சியோ கைப்பேசியோ கொண்டே எடுத்துவிடலாம்.

பழைய படங்களைப் பிரதி எடுக்க

சென்சார் அளவு அறவே பொருட்டில்லாத வேலை இது. ஆனால் தோட்ட வரலாற்றுக்கு இதைவிடப் பயன் தரும் வேலை வேறில்லை.

பல குடும்பங்களில் ஒரு தகரப்பெட்டி இருக்கும். கப்பலேறி வந்த காலத்துக் கடவுச்சீட்டு, சிவப்பு அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, தமிழ்ப்பள்ளி வகுப்புப் படம் என்று அதில் கிடக்கும். தோட்டத் துண்டாடலுக்கு மாற்றாக, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960ல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குத் தாளும் சில பெட்டிகளில் கிடைக்கும். தொழிலாளர்கள் தவணை தவணையாகக் கட்டிய பணத்தில் தோட்டங்களையே வாங்கிய சங்கம் அது. அந்தத் தாள் ஒரு குடும்பத்தின் சொத்து மட்டுமல்ல.

4க்கு 6 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் பிரதி எடுக்க 3600க்கு 2400 புள்ளிகள் போதும். ஒன்பது மெகாபிக்சல்கூட ஆகவில்லை. பத்து ஆண்டுக்கு முந்தைய எந்த மாற்றுலென்ஸ் கேமராவும் இதைச் செய்துவிடும். தேவைப்படுவது முக்காலி, அண்மைக்காட்சிக்கான மேக்ரோ லென்ஸ், சாளர வெளிச்சம். படத்தை மேசையில் கிடத்தி, கேமராவை நேர் மேலே தட்டையாக நிறுத்தி, ஐஎஸ்ஓவைக் குறைந்தபட்சத்தில் வைத்து, லென்ஸை ஏபிஎஸ்-சியில் எஃப் 8க்கு, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் எஃப் 5.6க்கு மூடி, இரண்டு விநாடித் தானியங்கியில் எடுங்கள். கை பட்டு ஆடாது.

சட்டத்தின் கண்ணாடியோடு படம் ஒட்டிப்போயிருந்தால் உரிக்கவே உரிக்காதீர்கள். ஈரக்காற்றில் படத்தின் மேல்பூச்சு கண்ணாடியைப் பற்றிக்கொண்டிருக்கும். இழுத்தால் முகமே பெயர்ந்து வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரும்படி வைத்து எடுங்கள். கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி ஒன்றைக் கட்டிக்கொண்டால் பிரதிபலிப்பும் விழாது.

தூரத்தில் இருப்பவை

பத்து காஜாவுக்கு அருகே, வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கி 1926ல் அவர் இறந்ததால் முடியாமலே நின்றுபோன கெல்லி கோட்டையைப் பார்க்கப் பலர் வருகிறார்கள். அதன் பக்கத்தில் இருக்கும் மாரியம்மன் கோயிலை அவ்வளவு பேர் பார்ப்பதில்லை. கொள்ளைநோயில் ஆட்கள் மடிந்தபோது தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டதால் ஸ்மித் கட்டித் தந்தது என்று சொல்லப்படும் கோயில் அது. கூரையில் சாமிச் சிலைகளுக்கு நடுவே வெள்ளைச் சட்டை, தொப்பியோடு ஒரு துரை நிற்கிறார். அது ஸ்மித்தேதான் என்பார்கள். அந்த உருவத்தைக் கீழே நின்று எடுக்க நீளமான லென்ஸ் வேண்டும். இங்கே சிறிய சென்சாருக்கு வசதி: 200 மி.மீ. லென்ஸ் ஏபிஎஸ்-சியில் 300 போலவும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 400 போலவும் காட்சியை நெருக்கிக் காட்டும். பின்னால் வானம் வெளுத்துப்போனால் மாலையில் போங்கள். சென்சாரை மாற்றுவதைவிட நேரத்தை மாற்றுவது எளிது.

கோலா கூலா சதுப்பில் கொக்கு நாரைகளையோ, பெலும் காட்டில் இருவாட்சிகளையோ தேடிப் போகிறவர்களுக்கும் இதுவே பொருந்தும். ஃபுல் ஃப்ரேமுக்கான 600 மி.மீ. எஃப் 4 லென்ஸ் ஒன்றே சுமார் 3 கிலோ இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடக்க வயதும் வேண்டும், பணமும் வேண்டும்.

லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்க விருப்பமில்லாத ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டால், ஒரு இன்ச் சென்சாரும் நீண்ட ஜூமும் கொண்ட கேமராவைச் சொல்வேன். 2014ல் வந்த பானசோனிக் எஃப்இசட் 1000 போன்றவை அந்த வகை. பகலில் கோயிலின் கூரைச் சிலையிலிருந்து பள்ளி ஆண்டுவிழா வரை ஒரே கருவியில் முடியும். இருட்டு வேலைக்கு மட்டும் ஆகாது.

அச்சுக்கு எவ்வளவு வேண்டும்

கும்பாபிஷேக மலரில் முழுப்பக்கம், அதாவது ஏ4 அளவு, தரமாக அச்சாக 3508க்கு 2480 புள்ளிகள் போதும். ஒன்பது மெகாபிக்சலுக்குள் அடங்கிவிடுகிறது. பள்ளி மண்டபக் கண்காட்சிக்கு ஏ3 அளவில் வைப்பதென்றால் சுமார் 17. இன்று கடையில் பரவலாகக் கிடைக்கும் 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமரா இரண்டையும் தாண்டி நிற்கிறது. 108, 200 என்று கைப்பேசிப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தச் சிறு சென்சார்கள் வழக்கமாகப் பல புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கித்தான் படத்தைத் தருகின்றன.

சுவரளவுப் படம், விளம்பரப் பலகை, கோயில் ஓவியத்தின் ஒவ்வொரு கீறலும் தெரியும் ஆவணப்பதிவு என்று வந்தால்தான் ஃபுல் ஃப்ரேமைவிடவும் பெரிய 44க்கு 33 மி.மீ. அளவு சென்சார்கள் பேச்சில் வரும். அந்த வேலையைத் தொழில்முறைக் கலைஞரிடம் விட்டுவிடுவது நல்லது.

வாங்கும்போது

பழைய கேமரா வாங்குவதில் தயக்கம் வேண்டாம். 2014ல் வந்த சோனி ஏ6000 போன்ற 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவும் 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும் இந்த நூலில் சொல்லப்போகும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குப் போதும். பழைய லென்ஸ் வாங்கும்போது கைப்பேசி விளக்கை அதன் ஒரு முனையில் அடித்து மறுமுனை வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை போல வெண்மையாக ஏதேனும் படர்ந்திருந்தால் பூசணம், வாங்காதீர்கள். ஈப்போவிலும், அதைவிட மழை மிகுந்த தைப்பிங்கிலும் லென்ஸைப் பூசணம் பிடிக்காமல் காப்பாற்றுவது தனி வேலை. ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைக்கும் உலர்பெட்டியை கேமரா வாங்கும் அன்றே வாங்கிவிடுங்கள். பணம் போதாவிட்டால் இறுக்கமான ஞெகிழிப் பெட்டியும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் தற்காலிகமாகப் போதும்.

என் தீர்ப்பு இது. முதல் கேமரா ஏபிஎஸ்-சி. வீட்டுக்குள்ளும் மூத்தவர்களோடும் அதிகம் வேலை செய்கிறவருக்கு மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ். இருட்டில் பால் வெட்டையும் நள்ளிரவுக் காவடியையும் தொடர்ந்து பதிவு செய்யப் போகிறவருக்கு மட்டும் ஃபுல் ஃப்ரேம், அதுவும் நல்ல லென்ஸுக்குப் பணம் எடுத்துவைத்த பிறகு.

கையில் இப்போது கைப்பேசி மட்டும்தான் இருக்கிறதா? அடுத்த அத்தியாயத்தைப் புரட்டுவதற்கு முன், உங்கள் தோட்டத்தில் பால் வெட்டிய மூத்தவர் ஒருவரைப் பகல் வெளிச்சத்தில் அவர் வீட்டு வாசலில் வைத்துப் படம் எடுங்கள். அவர் பெயர், தோட்டத்தின் பெயர், எடுத்த நாள் மூன்றையும் அந்தக் கோப்போடு சேர்த்து எழுதிவையுங்கள்.